வற்றாத கிணறு

என் அக்காவின் புருஷனைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். இருபத்தெட்டு வருஷமாக அவருடைய கீரையை மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவது என் டெம்போதான். அதில் கடைசி இருபத்தாறு வருஷம் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஏத்தியாச்சா மாமா?" "ஏத்தியாச்சு மாப்பிள்ளை." அவ்வளவுதான் பேச்சு. மனஸ்தாபத்துக்காக லோடு நிற்குமா? கீரை யாருடைய கோபத்துக்கும் காத்திருக்காது, வெயில் ஏறினால் வாடிவிடும்.

நகரம் முடிகிற இடத்தில் ஒரு பெரிய கால்வாய் வெளியே வரும். கால்வாய் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். நகரத்தில் குளித்தது, துவைத்தது, கழுவியது, சொல்லக் கூசுவது எல்லாம் அதில்தான் வரும். கறுப்பாக, மேலே நுரையோடு, வருஷம் முழுக்க வரும். மழை பொய்த்தாலும் அது பொய்க்காது. அதன் இரண்டு கரையிலும் கீரை, முள்ளங்கி, வெள்ளரி, முட்டைக்கோஸ் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் முப்பது, நாற்பது இருக்கும். மோட்டாரைக் கால்வாயில் இறக்கினால் போதும், உரம் தனியாக வேண்டாம். வேறு இடத்தில் ஒரு மாதம் ஆகிற கீரை இங்கே இருபது நாளில் முழங்கால் உயரம் வந்துவிடும்.

நாற்றம் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. என் டெம்போ சீட்டில்கூட இருக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போகும்போது என் பெண்டாட்டி பஸ்ஸில்தான் வருவாள். ஆனால் அந்த நாற்றத்தில் வளர்ந்த கீரைதான் மார்க்கெட்டில் முதலில் விற்றுத் தீரும். இலை பெரிதாக இருக்கிறதே, பச்சையாக இருக்கிறதே என்று கையில் எடுத்துப் பார்த்து வாங்குவார்கள். வாங்கிப் போகிறவர்கள் அதைக் கழுவிய தண்ணீர் மறுபடி எங்களிடம்தான் வரும்.

மாமாவுக்கு அந்தக் கரையில் ஒன்றரை ஏக்கர். மற்றவர்கள் மாதிரிதான் அவரும் கால்வாய்த் தண்ணீர் பாய்ச்சுவார். ஆனால் ஒரு பாத்தியை வெட்டுவதற்கு மூன்று நாள் முன்னால் அந்தப் பாத்திக்கு மோட்டார்த் தண்ணீரை நிறுத்திவிடுவார். அதற்கப்புறம் கால்வாய்த் தண்ணீர் ஒரு சொட்டு அதில் போகக் கூடாது. நிலத்தின் ஓரத்தில் அவருடைய கிணறு இருக்கிறது. அதிலிருந்து வாளி வாளியாகக் கையால் இறைத்து, பூவாளியில் ஊற்றி, மூன்று நாள் காலையும் இலை நனையத் தெளிப்பார். இதற்கு அவர் வைத்த பெயர் கடைசித் தண்ணி. கிணற்றுக்கு ஒரு மோட்டார் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் யாராவது இரண்டு மோட்டாரையும் மாற்றிப் போட்டுவிடுவார்கள் என்பார். கால்வாயில் முங்கிய எதுவும் கிணற்றில் இறங்கக் கூடாது. கயிறு வேறு, வாளி வேறு, பூவாளி வேறு. எல்லாவற்றிலும் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்.

மற்றவர்கள் மோட்டாரைப் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கும்போது, அறுபத்து மூன்று வயது மனிதர் இரண்டு கையிலும் பூவாளியோடு ஓடிக்கொண்டிருப்பார். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆள். யார் சொல்லியும் விடவில்லை.

பக்கத்து நிலத்துக்காரருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் வாயைத் திறந்தால் படுக்கும்போதுதான் அணைப்பார். வரப்பில் நின்றுகொண்டு மாமாவைச் சீண்டுவது அவருக்கு அன்றாட வேலை.

"ஏம்பா, மூணு நாள் விடாம குளிப்பாட்டுறியே, உன் கீரை என்ன பள்ளிக்கூடம் போகப்போகுதா?"

மாமா பூவாளியிலிருந்து கொஞ்சம் தண்ணீரை ரேடியோவின் கால் பக்கம் தெளித்துவிட்டுப் போவார். அது ஒன்றுதான் அவர் செய்கிற கேலி.

கிணற்றை ஒட்டி இரண்டு சின்னப் பாத்திகள் உண்டு. அவை வீட்டுப் பாத்தி. விதை போட்ட நாளிலிருந்து கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான். வீட்டுக்கு வேண்டியதை அதிலிருந்து மாமாவே பறிப்பார், கிணற்றடியில் உட்கார்ந்து மாமாவே கழுவுவார். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு தடவை, அதைக் கொட்டிவிட்டு இன்னொரு வாளியில் இன்னொரு தடவை, அப்புறம் மூன்றாவது. மூன்று தண்ணீர் கழுவி, உதறி, துணியில் சுற்றிக் கொண்டுபோய் அக்கா கையில் கொடுப்பார். அக்கா அதை வாங்கி அரிந்து சமைப்பாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அவளைக் கழுவ விட்டதில்லை.

பார்க்கிறவர்களுக்கு, பெண்டாட்டிக்கு எவ்வளவு ஒத்தாசை என்று தோன்றும். எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் தங்கள் புருஷன்மாரிடம் மாமாவை உதாரணம்கூடக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் அந்தத் துணி மூட்டையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அது ஒத்தாசை இல்லை. அது தினமும் ஒரு முறை, வாயைத் திறக்காமல், என் அக்காவைப் பார்த்துச் சொல்கிற ஒரு வார்த்தை.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். குருவி என்று கூப்பிடுவோம். நாலு வயது. எதைக் கொடுத்தாலும் கொத்திக் கொத்தித் தின்பாள், அதனால் வந்த பெயர். என் டெம்போ ஹாரன் கேட்டால் வரப்பெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடி வருவாள். அவளை மடியில் வைத்து ஸ்டீயரிங்கைப் பிடிக்க விட்டால்தான் நான் வண்டியை எடுக்க முடியும்.

அந்த வருஷம் மாமா வெள்ளரி போட்டிருந்தார். ஒரு நாள் மதியம் குருவி வெள்ளரிக்காய் வேண்டும் என்று அழுதிருக்கிறாள். அக்கா ஒரு பிஞ்சைப் பறித்துக் கழுவிக் கொடுத்திருக்கிறாள். மாமா நிலத்தின் மறுகோடியில் மோட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. அதற்கு மறுநாள் கண் உள்ளே போய்விட்டது. என் டெம்போவில்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, கெட்ட தண்ணீரோ, கழுவாத காயோ, ஏதோ வயிற்றுக்குள் போயிருக்கிறது என்றார். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதை அவர் அதற்கு அப்புறம்தான் சொன்னார். குருவி போய்விட்டாள்.

அந்த ஆஸ்பத்திரி நடையில் ஒரு நீளமான இரும்பு பெஞ்சு இருந்தது. ஒரு முனையில் அக்கா, மறு முனையில் மாமா, நடுவில் நான். மாமா தலையைத் தூக்காமலே கேட்டார்.

"வெள்ளரிக்காயைக் கழுவித்தான் குடுத்தியா?"

"கழுவினேன். மூணு தண்ணி கழுவினேன்" என்றாள் அக்கா.

"கழுவியிருந்தா ஏன் இப்படி ஆகுது?"

அந்த ஒரு கேள்விதான். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை, வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் வீட்டுப் பாத்தி வந்தது. அதற்கப்புறம் கடைசித் தண்ணீர் வந்தது. வெள்ளரி அந்த நிலத்தில் மறுபடி முளைக்கவே இல்லை. வேறு குழந்தையும் அவர்களுக்குப் பிறக்கவில்லை. அக்கா, தான் கழுவினேன் என்று இரண்டாவது தடவை யாரிடமும் சொல்லவில்லை. நம்பாதவரிடம் எத்தனை தடவை சொல்வது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்தப் பெஞ்சில் நடுவில் உட்கார்ந்திருந்த நானும் அவளை நம்பவில்லை. களை பறிக்கிற அவசரத்தில் துணியில் துடைத்துக் கொடுத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். கூடப் பிறந்தவன் நான். மாமா மேல் இருந்த கோபத்தில் பாதி என் மேலேயே இருந்த கோபம் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

சில மாதம் முன்னால் சர்க்கார் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் ஒரு பெட்டி, பெட்டி நிறைய, தண்ணீர் பிடித்துப் பரிசோதிக்க, மூடி போட்ட பாட்டில்கள். கால்வாய்த் தண்ணீரில் காய்கறி போடுகிறவர்கள் அந்தத் தண்ணீரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுத வந்திருந்தாள். ரேடியோ அவளுக்கு முதல் நாளே பாட்டில் டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார். கவிழ்த்துப் போட்ட காய்கறிப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தாளைப் பார்த்துக் கேள்வி கேட்பாள்.

"இந்தத் தண்ணி பாசனத்துக்கு ஏத்ததுன்னு நெனைக்கிறீங்களாய்யா? முழுசா ஒத்துக்கிறீங்களா, ஓரளவா, இல்ல ஒத்துக்கலையா?"

ரேடியோவுக்கு இந்த மாதிரி வாய்ப்பு இருபது வருஷத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும்.

"எழுதிக்கோம்மா. அவங்க வீட்டுல இருந்து வருது. அவங்க வீட்டுக்கே திரும்பிப் போகுது. நடுவுல நாங்க அதைக் கொஞ்சம் பச்சையாக்கிக் குடுக்கிறோம். இதுல ஒத்துக்க என்ன இருக்கு, ஒத்துக்காம இருக்க என்ன இருக்கு? இந்தத் தண்ணியை நிறுத்திட்டு வேற தண்ணி குடுப்பாங்களா? அதுக்கு உன் தாள்ல கேள்வி இருக்கா?"

"இல்லைங்க."

"அப்போ அதையும் எழுதிக்கோ."

"உடம்புக்கு ஏதாவது தொந்தரவு?"

"கால் அரிக்கும். எண்ணெய் தடவிக்குவோம். வயிறு எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு. டவுன்காரங்க வயிறுதான் சீமான் வீட்டு வயிறு."

"உங்க கீரையை நீங்க சாப்பிடுவீங்களா?"

அந்தக் கேள்விக்கு மட்டும் ரேடியோ கொஞ்ச நேரம் அணைந்து போனார். அப்புறம், "நல்லா வேகவெச்சா என்ன இருக்கு?" என்றார். கரையில் இருந்த எல்லோரும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கூலிக்கு அதை ஊருக்குள் கொண்டுபோய்க் கொட்டியவன் நான்.

மாமாவின் முறை வந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றபடியே பதில் சொன்னார்.

"அந்தத் தண்ணி பயிருக்குத் தாய்ப்பால்மா. மனுஷனுக்கு விஷம். ரெண்டும் எனக்குத் தெரியும். அதனாலதான் கடைசித் தண்ணி."

அது என்ன என்று அவள் கேட்டாள். மாமா காட்டினார். சிவப்பு வாளி, சிவப்புக் கயிறு, மூன்று நாள் கணக்கு, வீட்டுப் பாத்தி எல்லாம் காட்டினார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"ஐயா, இப்படித்தான் செய்யணும்னு நாங்க எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்கோம். உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

மாமா கிணற்றுப் பக்கம் திரும்பினார். "இந்தக் கிணத்துத் தண்ணியையும் ஒரு பாட்டில்ல பிடிச்சுக்கோம்மா" என்றார். "ஊரெல்லாம் காஞ்ச வருஷத்துலகூட இது வத்தினதில்ல. எவ்வளவு இறைச்சாலும் மறுநாள் காலையில அதே அளவு நிக்கும். நல்ல தண்ணின்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா, இவங்க எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறதை நிறுத்துவாங்க."

அவரே இறைத்து, அவரே பாட்டிலைக் கழுவி, அவரே பிடித்துக் கொடுத்தார். அவர் யாரிடமும் எதையும் கேட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. அந்தத் தாளை மட்டும் அவர் கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. அது ரேடியோவுக்காக இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது.

ஒரு மாதம் கழித்து மார்க்கெட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். பாட்டில் டாக்டர் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் தாள். முகம் சரியில்லை.

"அண்ணா, இதை ஐயாகிட்ட நேர்ல குடுக்க எனக்கு மனசு வரல. கிணத்துத் தண்ணி நல்லா இல்ல. கால்வாய்ல இருக்கிற கிருமி எல்லாம் அதுலயும் இருக்கு. கிணறு கால்வாய்க்கு ரொம்பக் கிட்ட இருக்கில்ல? அடியில ஊறி வருது. அதான் வத்தவே மாட்டேங்குது. கண்ணுக்குத் தெளிவா தெரியும், அவ்வளவுதான்." தாளை என் கையில் கொடுத்துவிட்டு, "அந்தத் தண்ணியை யாராவது குடிக்கிறாங்களா? வீட்டுல குழந்தைங்க இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். "வீட்டுல குழந்தைங்க யாரும் இல்ல."

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். எப்படியோ கேட்டேன்.

"இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடியும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

"அதை எந்தப் பாட்டிலும் சொல்லாதுண்ணா. ஆனா கிணறும் கால்வாயும் அன்னிக்கும் அதே இடத்துலதானே இருந்திருக்கும்?"

தாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை நேராக அக்கா வீட்டுக்கு விட்டேன். வழியெல்லாம் எனக்கு வெறி. என் அக்கா கழுவித்தான் கொடுத்திருக்கிறாள். அவள் சொன்னது பொய் இல்லை. நிலத்தில் கழுவ அந்தக் கிணற்றுத் தண்ணீரை விட்டால் வேறு ஏது? மூன்று தண்ணீர் கழுவியும் குழந்தைக்கு ஏன் அப்படி ஆனது என்பதற்கு இதோ பதில். இந்தத் தாளை அந்த மனிதர் முகத்தில் விட்டெறிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் அவள் சமையலறைக்குள் போனேன்.

அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை எல்லாம் துணியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்த என் புத்தியை என்ன சொல்வது!

"அப்போ, நான் கழுவினதுலதான் வந்துச்சா?"

"அக்கா, அப்படி இல்ல. காய்லயே இருந்திருக்கலாம். அது யாருக்குத் தெரியும்?"

"கழுவினேன், கழுவினேன்னு இத்தன வருஷமா எனக்குள்ளேயே சொல்லிக்கிட்டு இருந்தேன்டா. அவரு நம்பலைன்னாலும் பரவாயில்ல, எனக்குத் தெரியுமேன்னு இருந்தேன். என் கையில இருந்தது அது ஒண்ணுதான்."

அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். வெகு நேரம் அவள் அழவில்லை. துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் அடக்க முடியவில்லை. நானும் உன்னை நம்பவில்லை அக்கா என்று அன்றைக்கு முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். "தெரியும்டா" என்றாள்.

போகும்போது வாசல் வரைக்கும் வந்தாள்.

"அவருகிட்ட சொல்லாத."

"ஏன் சொல்லக் கூடாது? நியாயம் உன் பக்கம் இருக்கு."

"எனக்கு நியாயம் வேணாம். அந்தக் கிணத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மனுஷன் இத்தன நாளா நிக்கிறாரு. அதையும் பிடுங்கிட்டா விழுந்துடுவாரு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன், சொல்லாத."

அவ்வளவு அநியாயம் செய்த ஆளுக்காக அவள் என்னைக் கும்பிட்டாள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் மாமாவே கேட்டார். "அந்தப் பொண்ணு ஏதாவது சொல்லிச்சா மாப்பிள்ளை?"

"நல்ல தண்ணிதானாம் மாமா. தாள் அப்புறம் வருமாம்."

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பூவாளியைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் கையைப் போட்டார். இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கை. "எனக்குத் தெரியும்" என்றார். திரும்பத் திரும்ப, "எனக்குத் தெரியும் மாப்பிள்ளை, எனக்குத் தெரியும்" என்றார். பொய் சொன்னது நல்லதுதான் என்று அப்போது நினைத்தேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரன் இல்லை, என் புளுகு மூன்று நாள்தான் தாங்கியது. நாலாம் நாள் காலையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறேன், கிணற்றடியில் கூட்டம். ரேடியோவின் வீட்டுக்குக் குழாய் கிடையாது, கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவர்கள். பரிசோதனை செய்த தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும்போது கேன் எதற்கு என்று மாமாதான் கூப்பிட்டிருக்கிறார். ரேடியோவின் மருமகள் குடத்தோடு நின்றாள். அவள் இடுப்பில் ரேடியோவின் பேத்தி, ஒரு வயதுக் குழந்தை. மாமா புது வாளியில் இறைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, குடத்தை நிறைத்திருந்தார். அப்புறம் ஒரு சின்ன டம்ளரில் பிடித்துக் குழந்தையின் வாய்க்கிட்டே கொண்டுபோனார்.

"குடி கண்ணு. வத்தாத கிணறு. சர்க்காரே நல்ல தண்ணின்னு சொல்லிடுச்சு."

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. டம்ளரைத் தட்டிவிட்டேன். அது கிணற்றுச் சுவரில் பட்டு உருண்டது. குழந்தை வீரிட்டு அழுதது. மருமகள் பயந்து பின்னால் போனாள். ரேடியோ, "ஏன்டா, உனக்குப் பைத்தியமா?" என்று கத்தினார்.

"அது நல்ல தண்ணி இல்ல மாமா" என்றேன். "நான் பொய் சொன்னேன்."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். நாலு நாள் வியர்வையில் மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. மாமா அதை வாங்கவில்லை.

"படி."

படித்தேன். கால்வாய் நீரில் எவ்வளவு கிருமி, கிணற்று நீரில் எவ்வளவு என்று எண்கள் இருந்தன. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கடைசி வரி, இந்த நீர் குடிப்பதற்கோ, பச்சையாக உண்ணும் காய்களைக் கழுவுவதற்கோ ஏற்றதல்ல.

"கடைசி வரியை மறுபடி படி."

மறுபடி படித்தேன். மருமகள் நிறைத்த குடத்தைச் சத்தம் இல்லாமல் கீழே கவிழ்த்தாள்.

மாமா கிணற்றுச் சுவரை ஒட்டி நின்று, அங்கிருந்து கால்வாய்க் கரைக்கு நடந்தார். ஒவ்வோர் அடியாக எண்ணிக்கொண்டு நடந்தார். பன்னிரண்டு அடி வைத்ததும் கரை வந்துவிட்டது. திரும்பி நின்று கிணற்றைப் பார்த்தார்.

"வத்தவே வத்தாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே மாப்பிள்ளை. எங்க இருந்து ஊறுதுன்னு ஒரு நாளாவது யோசிச்சேனா?"

அப்புறம் கேட்டார், "உங்கக்கா அன்னிக்கு எங்க கழுவினா?"

"இங்கதான் மாமா. இந்தக் கிணத்துத் தண்ணியிலதான். மூணு தண்ணி."

அவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. அன்றைக்கு வெட்டி வைத்த கீரைக்கட்டுகள் வெயிலில் கிடந்தன. ஏற்றட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு கட்டிலும் மூன்று நாள் கடைசித் தண்ணீர் இருந்தது. எத்தனை வீட்டுக்கு எத்தனை கட்டு நான் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்? மாமா மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், அது இருந்த இடம் தெரியவில்லை.

மத்தியானம் அவர் எழுந்தார். வீட்டுப் பாத்திக்குப் போய் ஒரு பிடி கீரையை வேரோடு பிடுங்கினார். பழக்கத்தில் கால் கிணற்றடிக்குப் போனது. சிவப்பு வாளியைக் கையில் எடுத்தார், அப்புறம் கீழே வைத்துவிட்டார். கீரையை அப்படியே மண்ணோடு பிடித்துக்கொண்டு என் வண்டியில் வந்து ஏறினார். வேரிலிருந்து ஈர மண் அவர் மடியில் உதிர்ந்துகொண்டே வந்தது.

அக்கா வாசலில் நின்றாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாமா கீரையை அவளிடம் நீட்டினார். துணி இல்லை. வேர், மண், வாடின இலை.

"கழுவலையா?" என்றாள் அக்கா.

"நீ கழுவு."

அவள் கொஞ்ச நேரம் அதை வாங்காமல் நின்றாள். அப்புறம் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். பின்பக்கத்துக் குழாயடியில் போய் உட்கார்ந்து, வேரைக் கிள்ளி எறிந்துவிட்டு, பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக் கழுவினாள். ஒரு தண்ணீர். கொட்டினாள். இரண்டாவது தண்ணீர். கொட்டினாள். மூன்றாவது. அதோடு நிறுத்துவாள் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. நாலு, ஐந்து, ஆறு என்று பிடித்துப் பிடித்துக் கொட்டினாள். இலைகள் கிழிந்து தண்ணீரோடு சாக்கடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. தோள் குலுங்கியது. அவள் அழுகிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாமா அவள் பக்கத்தில் போய்க் குந்தினார். குழாயை மூடினார். அவள் ஈரக் கையை அவர் கை பிடித்துக்கொண்டது.

"போதும்மா" என்றார். "நீ அன்னிக்கே நல்லாத்தான் கழுவின."

அந்தக் கீரையை அன்றைக்கு யாரும் சமைக்கவில்லை.